எதன் கால்வாசி? ஆருக்காக மட்டந்தட்டல்?

"ஒருவர் தன் மாத வருமானத்தின் 1/3 ஐ உணவுக்கும், மீதியின் 1/4 ஐப் பிள்ளைகளின் படிப்புக்கும் செலவழித்து, எஞ்சியதைச் சேமிக்கிறார். அவர் சேமிப்பது வருமானத்தின் என்ன பின்னம்?"

இப்படி ஒரு கணக்கைச் செய்யாமல் ஓ.எல் தாண்டின ஆக்கள் எங்கட வயதில ஆரும் இருக்கமாட்டினம். ஒரு வினாத்தாளில் உணவு போய் வாடகை வரும், இன்னொன்றில் படிப்பு போய் போக்குவரத்து வரும், ஆனால் அந்த மனுசன் மாறமாட்டார். விடை அரைவாசி. 60,000 ரூபா உழைக்கிறார் என்று வைத்தால் 20,000 சாப்பாட்டுக்கு, மிச்சம் 40,000 இல் கால்வாசி 10,000 படிப்புக்கு, 30,000 சேமிப்பு. இண்டைக்கு இலங்கையில 60,000 உழைச்சு அதில அரைவாசியைச் சேமிக்கிற அந்த மனுசனை ஒருக்கா நேரில பாக்கவேணும் என்று எங்களுக்கு நெடுநாள் ஆசை. அது வேற கதை.

இந்தக் கணக்கைப் பிழைவிடுற கனபேருக்குப் பின்னம் பெருக்கவும் கழிக்கவும் தெரியும். அவை பிழைவிடுறது "மீதியின்" என்ற சொல்லில். அதைக் கவனிக்காமல் 1/4 ஐ முழு வருமானத்தில் எடுத்தால் படிப்புக்கு 15,000 போகும், சேமிப்பு 25,000 ஆகும், விடை 5/12 என்று வரும். ஒரு சொல்லை வாசிக்காமல் விட்டதுக்கு 5,000 ரூபா வித்தியாசம்.

ரியூசனில் இதுக்கு ஒரு கைமருந்து இருக்கு. "'இன்' எண்டு வந்தால் பெருக்கு, 'மீதி' எண்டு வந்தால் ஒண்டிலயிருந்து கழி." மருந்து வேலைசெய்யும், எஸ் சித்தியாவது வரும். ஆனால் அந்த மருந்தைக் குடிச்சு வளர்ந்த பிள்ளை கணக்கை வாசிக்கிறதில்லை. இலக்கத்தையும் இரண்டு சொல்லையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு மிச்ச வசனத்தை விட்டுவிடுது. பிரான்சில கிரனோபிள் நகரத்தில 1980 அளவில ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்த ஒரு குழு சின்ன வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு கணக்குக் கேட்டது. ஒரு கப்பலில் 26 செம்மறியும் 10 வெள்ளாடும் நிக்குது, கப்டனுக்கு என்ன வயது? 97 பிள்ளைகளில் 76 பேர் அந்த இலக்கங்களை வைத்தே ஒரு வயதைக் கண்டுபிடிச்சு எழுதிக் குடுத்தினம். அதுகளை மொக்குப் பிள்ளைகள் என்று சொல்ல ஏலாது. கணக்கு என்று ஒன்று தந்தால் விடை ஒன்று இருந்தே ஆகவேணும், தந்த இலக்கம் முழுவதையும் பாவிச்சே ஆகவேணும் என்று பள்ளிக்கூடம் பழக்கினதை அதுகள் ஒழுங்காச் செய்துதுகள்.

நாங்கள் கலைப்பீடத்துக்காரர். எங்கட இடத்தில "எனக்குக் கணக்கு வராது" என்று சொல்லுறது வெக்கமான விசயம் இல்லை. சிலபேர் அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லுவினம், கவிதை வாறதுக்குக் கணக்கு வராமல் இருக்கிறது ஒரு அத்தாட்சி மாதிரி. ஓ.எல்லில் கணிதத்துக்காகவே இரண்டாம் தரம் இருந்த ஆக்களும் எங்கட பட்ச்சில இருக்கினம், அவைக்கு அந்தப் பாடத்தில இருக்கிற கோபம் நியாயமானது. ஆனாலும் நாங்கள் சொல்ல வாறது இதுதான்: வாழ்க்கையில வாற கணக்குகள் பெரும்பாலும் வாசிப்புக் கணக்குகள். பின்னம் வந்தால் "எதன்?" என்று கேக்கவேணும். மட்டந்தட்டல் வந்தால் "ஆருக்காக?" என்று கேக்கவேணும். பெருக்கிப் பிரிக்கிறதைப் போன் செய்யும். இந்த இரண்டு கேள்வியும் போனுக்கு வராது. ஒரு சொல்லைப் பிடிச்சுக்கொண்டு அரைமணித்தியாலம் விவாதிக்கப் பழகின எங்களுக்கு வரும்.

"எதன்?" என்ற கேள்வியில இருந்து தொடங்குவம். பெருநாள் காலத்தில உடுப்புக்கடையில "50 வீதக் கழிவு, அதற்கு மேல் 20 வீதம்" என்று போட்டிருப்பினம். 70 வீதம் என்று எங்கட மனசு கூட்டும். 3,000 ரூபாச் சேர்ட் 900 ரூபாவுக்கு வராது. முதல் 1,500 ஆகும், பிறகு அந்த 1,500 இன் 20 வீதம் கழிஞ்சு 1,200 ஆகும். அந்த ஓ.எல் மனுசனின்ர "மீதியின்" இங்க வந்து நிக்குது, சொல்லை மட்டும் கடைக்காரர் எழுதேல்லை.

இதே சங்கதி நாட்டளவில நடந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். அடுத்த ஆண்டு 2023 செப்டெம்பரில் அது 1.3 வீதம். பணவீக்கம் விழுந்திட்டுது என்று செய்தி வந்தபோது வீடுகளில எழும்பின கேள்வி, "அப்ப ஏன் சாமான் விலை குறையேல்லை?" கேள்வி கேட்ட ஆக்களுக்குப் பொருளியல் தெரியாது என்று சிரிச்ச பதிவுகளையும் அப்ப பார்த்தம். அவை கேட்டது நல்ல கேள்வி. பதில் சொல்லுறதுக்கு "எதன்?" என்று பார்த்தால் போதும். 2021 இல் 1,000 ரூபாவுக்கு வாங்கின கூடை 2022 இல் 1,698 ரூபா. 2023 இன் 1.3 வீதம் அந்த 1,698 இன் மேல ஏறுது, ஆக 1,720 ரூபா. வீதம் விழுந்துது, விலை விழேல்லை. வற் வரியும் அப்படித்தான். 2024 சனவரியில் 15 வீதத்தில் இருந்து 18 ஆக்கினபோது "வெறும் 3 வீதம்தான் கூட்டினது" என்று கதை வந்தது. பொருளின் விலையில பார்த்தால் 3. நாங்கள் கட்டுற வரியில பார்த்தால் 15 இற்கு 3, அதாவது ஐந்தில் ஒன்று கூடினது. இரண்டும் உண்மை. எதைச் சொல்லுறது என்று தெரிவுசெய்யிறவருக்கு ஒரு நோக்கம் இருக்கும்.

இதெல்லாம் பேப்பர் படிக்கேக்க வாற கணக்கு. வீட்டு வாசலுக்கே வந்து நிக்கிற கணக்கு ஒன்று இருக்கு. அது கிழமைக் கடன்.

போருக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் எப்படி ஊர் ஊராகப் பரவினது, குழுவாகப் பெண்களை இருத்தி ஒருத்தி கட்டாட்டி மற்றவை கட்டவேணும் என்று எப்படி ஆக்கினது என்பது எங்களில் பலருக்கு வீட்டுக் கதை. 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யிறதாக அரசாங்கம் அறிவிக்கிற அளவுக்கு நிலைமை போனது. 2021 மார்ச்சில் ஹிங்குராக்கொடையில் பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தினம். இதன் அரசியலைப் பற்றி எழுதினவை நிறையப்பேர். எங்களுக்கு இப்ப தேவை அந்தக் கடன் அட்டையில இருக்கிற ஒரேயொரு வரி.

ஒருவர் 50,000 ரூபா எடுக்கிறார் என்று வையுங்கோ. ஆண்டு வட்டி 24 வீதம், 52 கிழமையில கட்டிமுடிக்கவேணும். வட்டி 12,000, மொத்தம் 62,000. 52 ஆல் பிரிச்சால் கிழமைக்கு 1,192 ரூபா 31 சதம். சில்லறைக் கரைச்சல் வேண்டாம், 1,200 ஆக்குவம் என்பினம். அந்த மட்டந்தட்டலால மட்டும் ஆண்டு முடிய 400 ரூபா கூடப் போகும். அது சின்ன விசயம், பெரிய விசயம் 24 வீதத்துக்குள்ள இருக்கு.

24 வீதம், எதன்? எடுத்த முழு 50,000 இனதும். ஆனால் அந்த 50,000 அவவின்ர கையில ஆண்டு முழுக்க இருக்கேல்லை. ஒவ்வொரு கிழமையும் முதலில் ஏறத்தாழ 962 ரூபா திரும்பிப் போகுது. 26 ஆம் கிழமை முடியேக்க அரைவாசி முதல் கட்டியாச்சு. அப்பவும் வட்டி முழுக் கடனுக்கும் போல 231 ரூபா. கடைசிக் கிழமையைப் பாருங்கோ. அவவிடம் மிஞ்சியிருக்கிற கடன் 962 ரூபா, அதுக்கு அந்த ஒரு கிழமைக்குக் கட்டுற வட்டி 231 ரூபா. 962 இன் 24 வீதம். ஆண்டுக்கு என்று சொன்ன 24 வீதத்தை அந்தக் கடைசித் துண்டுக்கு ஒரே கிழமையில கட்டுறா.

குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி கணிக்க நாங்கள் எல்லாரும் ஓ.எல்லுக்குப் படிச்சம். மாத அலகு என்று ஒன்று வரும், ஞாபகம் இருக்கா? அதே முறையில மாதத்துக்குப் பதிலாகக் கிழமையைப் போட்டால் 52 இல் இருந்து 1 வரை கூட்டி 1,378 கிழமை அலகுகள். ஒவ்வொன்றும் 961 ரூபா 54 சதம். அதுக்கு 12,000 வட்டி என்றால் ஆண்டு வீதம் ஏறத்தாழ 47. இன்னும் நுணுக்கமான முறையில செய்தால் 44 அளவில வரும். எப்படிச் செய்தாலும் அட்டையில போட்ட 24 இன் இரண்டு மடங்குக்குக் கிட்ட. ஆவணச் செலவு, காப்புறுதி என்று தரேக்கயே ஒரு தொகையைக் கழிச்சிருந்தால் இன்னும் கூட.

அட்டையில பொய் எழுதேல்லை. 24 என்பது ஒரு கணக்கில சரிதான். எழுதாமல் விட்டது "எடுத்த முழுத்தொகையின்" என்ற இரண்டு சொல்லு. பரீட்சையில "மீதியின்" என்பதைத் தவறவிட்ட பிள்ளைக்கு இரண்டு புள்ளி குறையும். இங்க அந்தச் சொல்லை எழுதாமல் விட்டவருக்கு ஒண்டும் குறையேல்லை. எங்கட கணிதப் புத்தகத்தில குறைந்து செல்லும் மீதியும் இருக்கு, எங்கட ஊரில கிழமைக் கடனும் இருக்கு. இரண்டையும் ஒரே கொப்பியில வைத்துப் பார்த்த ஒரு வகுப்பு எங்களுக்குக் கிடைக்கேல்லை.

பின்னம் எங்கட ஆக்களுக்கு வராத விசயம் என்று ஆரும் சொன்னால் அவையை ஒரு குசினிக்குள்ள கூட்டிக்கொண்டு போகவேணும். "ஒண்டேகால் சுண்டு போடு, ஆக்கள் கூட வந்தால் இன்னும் அரைச்சுண்டு" என்று சொல்லுற அம்மம்மா கலப்பு எண்ணைக் கூட்டிக்கொண்டிருக்கிறா. அவவிடம் போய் 1 1/4 + 1/2 என்று எழுதிக் காட்டினால் "எனக்கு உது தெரியாதடா" என்பா. தமிழில பின்னத்துக்கு இருக்கிற சொல்லுகளே ஒரு பாடம். கால் என்றால் 1/4. அரைக்கால் என்றால் 1/8, அதாவது அரையின் கால் அல்லது காலின் அரை, பெருக்கல் அந்தச் சொல்லுக்குள்ளயே நடந்து முடிஞ்சுது. வீசம் 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. காலே அரைக்கால் என்றால் 3/8. இவைக்கு எழுத்துக் குறிகளும் இருந்தன. 2019 இல் யூனிகோட் 12 ஆம் பதிப்பில் அந்தக் குறிகளைச் சேர்த்தார்கள், ஆனால் எங்கட போன் பலவற்றில இன்னும் வெறும் பெட்டியாகத்தான் தெரியுது. பழம்பெருமை பேச இதைச் சொல்லேல்லை. முந்திரியைத் திருப்பிக் கொண்டுவர வேண்டிய தேவை ஒருத்தருக்கும் இல்லை. "எதன்?" என்ற கேள்வி அரைக்கால் என்ற சொல்லுக்குள்ளயே இருக்கு, அந்தச் சொல்லோட வளர்ந்தவைக்கு அது புதுசா இருந்திருக்காது என்றுதான் சொல்லுறம்.

இனி மட்டந்தட்டல். ஆறாம் ஏழாம் வகுப்பில படிச்ச விதி எல்லாருக்கும் பாடம்: 5 அல்லது அதுக்கு மேல வந்தால் ஏத்து, குறைஞ்சால் இறக்கு. அது ஒரு நல்ல விதி, அதில பிழை இல்லை. ஆனால் எந்த இடத்தில அந்த விதியைப் பாவிக்கலாம் என்று ஒருத்தரும் சொல்லித்தரேல்லை.

1980களின் தொடக்கத்தில அமெரிக்காவில 13 வயதுப் பிள்ளைகளுக்கு வைத்த நாடளாவிய மதிப்பீட்டில ஒரு கணக்கு வந்தது. இராணுவ பஸ் ஒன்றில 36 பேர் போகலாம், 1,128 பேரைக் கொண்டுபோக எத்தினை பஸ் வேணும்? பிள்ளைகளில் 70 வீதமளவில் பிரித்தலைச் சரியாகச் செய்தினம். சரியான விடையான 32 ஐ எழுதினது 23 வீதம் மட்டும். கனபேர் "31, மீதி 12" என்று எழுதினவை. இன்னும் சிலர் 31 என்று மட்டந்தட்டி விட்டினம். அந்த 12 சிப்பாய்களும் இன்னும் பஸ் தரிப்பிடத்தில நிக்கினம் போல.

எங்கட கம்பஸில இந்தக் கணக்கு ஒவ்வொரு களப்பயணத்துக்கும் வரும். 47 பேர், ஹயஸ் வானில 14 இருக்கை. 47 ஐ 14 ஆல் பிரிச்சால் 3.36. பாடப்புத்தக விதிப்படி 3 வான், ஐஞ்சு பேர் வாசலில. ஆகவே 4 வான். இது லேசு. ஒரு வானுக்கு 18,000 என்றால் மொத்தம் 72,000, ஆளுக்கு 1,531 ரூபா 91 சதம். இங்கதான் கதை தொடங்குது. 1,500 ஆக இறக்கினால் எல்லாருக்கும் சந்தோசம், ஆனால் 1,500 ரூபா துண்டுவிழும். அது காசு சேர்த்த பட்ச் ரெப்பின்ர பொக்கற்றில இருந்து போகும். 1,550 ஆக ஏத்தினால் 850 ரூபா மிஞ்சும், அதுக்கு அவர் கணக்குக் காட்டவேணும். இன்னும் ஒன்று இருக்கு. 47 பேரில ஐஞ்சு பேருக்கு அந்த மாதம் காசு கட்ட ஏலாது என்று ரெப்புக்குத் தெரியும். 72,000 ஐ 42 ஆல் பிரிச்சால் 1,714 ரூபா 29 சதம். அதை 1,720 ஆக ஏத்திச் சேர்த்தால் மற்றவை ஆளுக்கு ஏறக்குறைய 190 ரூபா கூடக் குடுப்பினம், அந்த ஐஞ்சு பேரின்ர பேர் வட்ஸ்அப் குறூப்பில வராது. 1,500, 1,550, 1,720 மூண்டும் ஒரே கணக்குக்கு வாற விடைகள். எது சரி என்று தசமதானம் சொல்லாது. ஒரு நல்ல ரெப் இதை முகத்தைப் பார்த்தே செய்து முடிக்கிறார், அவரும் "எனக்குக் கணக்கு வராது" என்கிறவர்தான்.

பஸ் மிச்சக்காசும் மட்டந்தட்டல்தான். 47 ரூபாத் தூரத்துக்கு 50 குடுத்தால் 3 ரூபா திரும்பி வராது. "சில்லறை இல்லை." போகவர ஒரு நாளைக்கு 6 ரூபா, மாதத்தில 22 நாள் என்றால் 132 ரூபா. ஒரு ஆளுக்கு இது ஒண்டும் இல்லை. ஒரு பயணத்தில 30 பேர், நாளுக்கு 8 பயணம் என்று வைத்தால் அந்த பஸ்ஸில 720 ரூபா. கொண்டக்டரில பிழை சொல்லி முடிக்கிறது லேசு. அவருக்கும் உண்மையாகவே சில்லறை கிடைக்கிறதில்லை, நாள் முடிய முதலாளிக்குக் கணக்கும் குடுக்கவேணும். ஆனால் ஒண்டைக் கவனியுங்கோ. பள்ளிக்கூட விதியில ஒருக்கா ஏறும், ஒருக்கா இறங்கும், கூட்டிப் பார்த்தால் பெரும்பகுதி ஒன்றை ஒன்று அடிச்சுப்போகும். பஸ்ஸில எப்பவும் ஒரே பக்கத்துக்குத்தான். ஒரே பக்கம் போற மட்டந்தட்டலுக்கு வேற பேர் இருக்கு, விலையேற்றம்.

கனடாவில் 2013 பெப்ரவரியோட ஒரு சத நாணயத்தை விநியோகிக்கிறதை நிப்பாட்டிச்சினம். காசாகக் கட்டேக்க மொத்தத்தொகையை கிட்டிய 5 சதத்துக்கு மட்டந்தட்டச் சொல்லி ஒரு முறையை அறிவிச்சினம்: 1, 2 வந்தால் இறக்கு, 3, 4 வந்தால் 5 ஆக்கு. அட்டையில கட்டினால் சதம் வரை சரியாக எடுக்கிறது. 1 உம் 2 உம் வாடிக்கையாளருக்கு லாபம், 3 உம் 4 உம் கடைக்கு லாபம், சரியாகச் சமன். ரொறன்ரோவில் இருக்கிற எங்கட சொந்தக்காரரிடம் கேட்டால் அவை இதைப் பெரிய விசயமாகவே சொல்லமாட்டினம். இங்க சதம் புழக்கத்தில இல்லாமல் போய், ஒரு ரூபா இரண்டு ரூபாவும் அருகிப்போய், "இரண்டு பக்கமும் மட்டந்தட்டவேணும்" என்று ஒரு வரி பஸ்ஸிலும் இல்லை, கடையிலும் இல்லை. ரொபி ஒன்று தருவினம்.

மட்டந்தட்டல் பற்றி எங்கட மனசை விட்டுப் போகாத கணக்கை மலையகத்தில இருந்து வந்த எங்கட பட்ச் தோழி ஒருத்திதான் சொன்னாள். தோட்டத்தில நாட்சம்பளத்தைப் "பேர்" என்று சொல்லுவினம். குறிச்ச நிறைக்குக் கொழுந்து எடுத்தால் முழுப்பேர். எடுக்காட்டி பல தோட்டங்களில அரைப்பேர். 2021 மார்ச்சில் சம்பளச் சபை ஊடாக நாளுக்கு 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்தபோது, அந்த ஆயிரத்துக்கு எத்தினை கிலோ என்ற சண்டையும் சேர்ந்து வந்தது. இண்டைக்குத் தொகை மாறியிருக்கு, கேள்வி மாறேல்லை. ஒரு தோட்டத்தில 18 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கோ. ஒருத்தி 17 1/2 கிலோ எடுக்கிறா. அது 18 இன் என்ன பின்னம்? 35/36. ஆயிரத்தில 35/36 என்றால் 972 ரூபா. அவவுக்குப் போடுறது அரைப்பேர், 500 ரூபா. 35/36 ஐ 1/2 ஆக மட்டந்தட்டுற விதி எந்தப் பாடப்புத்தகத்தில இருக்கு? அந்த அரைக் கிலோவும் சாக்குக்கு, ஈரத்துக்கு என்று தராசில கழிச்சதாலயே குறைஞ்சிருக்கலாம் என்று தோழி சொன்னாள். அந்தக் கழிவும் முழுக் கிலோவாகத்தான் கழியும்.

இதே நாட்டில எங்களைப் பல்கலைக்கழகத்துக்கு எடுக்கேக்க இசட் புள்ளியை நாலு தசமதானத்துக்குப் பார்த்தினம். நாலாம் தசமத்தில ஒண்டு குறைஞ்சதால வெளியில நிண்ட நண்பர்கள் எங்களுக்கு இருக்கினம். ஆகவே நுணுக்கமாகக் கணக்குப் பார்க்க இங்க ஆருக்கும் தெரியாமல் இல்லை. எங்க நுணுக்கம், எங்க மட்டந்தட்டல் என்று தீர்மானிக்கிறது கணிதம் தெரிஞ்சவை இல்லை, தராசுக்கு அந்தப் பக்கம் நிக்கிறவை.

"இதெல்லாம் அரசியல், கணக்குப் பாடத்துக்குள்ள ஏன் கொண்டுவாறியள்?" என்று எங்கட வட்டத்திலயே ஒருத்தர் கேட்டார். 60,000 இல் அரைவாசியைச் சேமிக்கிற மனுசனைக் கணக்குக்குள்ள கொண்டுவந்ததும் ஒரு அரசியல்தான் என்று பதில் சொன்னம். அவர் இன்னொரு எதிர்ப்பும் சொன்னார், அது வலுவானது. பரீட்சைக்கு ஒரு விடைதான் வேணும், "ஆருக்காக மட்டந்தட்டினாய்?" என்று கேட்டால் எப்படிப் புள்ளி போடுறது? லட்சக்கணக்கான விடைத்தாள் திருத்துற நாட்டில இது நடக்கிற காரியமா?

எங்களுக்கு இது ஏலாத காரியமாகத் தெரியேல்லை. வான் கணக்கை எடுங்கோ. "எத்தனை வான் தேவை?" என்றதுக்கு 4 என்று ஒரே விடை. அதுக்குக் கீழ ஒரு பகுதி: "ஆளுக்கு எவ்வளவு சேர்க்கவேண்டும் என நீர் தீர்மானிக்கிறீர்? காரணத்தை ஒரு வசனத்தில் தருக." 1,500 என்று எழுதி, துண்டுவிழுற 1,500 ஐ எங்க எடுக்கிறது என்று சொன்ன பிள்ளைக்கும் புள்ளி. 1,550 என்று எழுதி மிச்சத்தை என்ன செய்யிறது என்று சொன்ன பிள்ளைக்கும் புள்ளி. 1,532 என்று எழுதிவிட்டு ஒண்டும் சொல்லாத பிள்ளைக்குப் பிரித்தலுக்குரிய புள்ளி மட்டும். கடன் கணக்கில "24 வீதம் எதன் மேல் கணிக்கப்பட்டுள்ளது?" என்று முதல் பகுதியாகவே கேக்கலாம். தமிழ்ப் பாடத்தில கிரகித்தல் வினாவுக்கு ஆசிரியர்கள் வருசக்கணக்கா இப்படித்தான் திருத்துகினம். கணக்கு ஆசிரியரும் தமிழ் ஆசிரியரும் ஒரு பாடவேளை சேர்ந்து இருந்தால் வினாத்தாள் ஒன்று வந்துவிடும்.

அதுவரைக்கும் எங்களால ஏலுமானது சின்னது. ஊருக்குப் போகேக்க தம்பி தங்கச்சிமாருக்கு ஓ.எல் கணக்குச் சொல்லிக்குடுக்கிற ஆக்கள் எங்களில நிறையப்பேர். அந்தப் பழைய வினாத்தாளோட வீட்டில கிடக்கிற ஒரு தவணை அட்டையையும் மேசையில வைக்கலாம். முதல் தரம் வைத்துப் பார்த்த ஒரு வீட்டில, ஓ.எல் எடுக்கிற தங்கச்சி கிழமை அலகுகளைக் கூட்டி முடிக்க முதலே, குசினிக்குள்ள நிண்ட அம்மா கையைத் துடைச்சுக்கொண்டு வந்து பக்கத்தில இருந்தா. "உதை ஒருக்கா முதலில இருந்து சொல்லு பிள்ளை" என்றா.